பவளப்பாறைகளின் களவா மீன்: வாழ்வியலும் பாதுகாப்பும்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க், சாம்பியன் ரீஃப் போன்ற சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு 'ரீஃப்' என்னும் சொல் மிகவும் பழக்கமானது. பாறைக்குள் நெடுகச் செல்லும் தங்கப் படிவத்தையே அவர்கள் அச்சொல்லால் அறிந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அப்படிவத்தைத் தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குத் தோண்டிச் சென்றார்கள். தோண்டத் தோண்டத் தங்கத்தின் அளவு குறைந்தது. எடுக்கும் செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எடுத்த தங்கம் மீண்டும் பாறையில் விளைவதில்லை. சுரங்கத் தொழிலின் இயல்பே அதுதான்.

கடலியலார் அதே சொல்லை மற்றொரு பொருளில் வழங்குகின்றனர். கடலுக்கடியில் பவள உயிர்கள் கட்டியெழுப்பும் திட்டுகளும் 'ரீஃப்' என்றே அழைக்கப்படுகின்றன. தமிழில் நாம் அவற்றைப் பவளப்பாறைகள் என்கிறோம். தென்பாண்டிக் கடற்கரை மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். தங்கப் படிவத்திற்கும் பவளப்பாறைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பவளப்பாறையில் விளையும் மீன் செல்வம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆனால் அந்த ஆற்றலுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை மீறினால் மீன்பிடித்தல் சுரங்கத் தொழிலைப் போலவே ஆகிவிடும். பவளப்பாறைகளின் முக்கிய வேட்டை மீனாகிய களவாவின் வாழ்க்கை இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகிறது.

களவா இனங்கள்

களவா என்பது ஒரே மீன் அன்று. உலகின் வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும் 160-க்கும் மேற்பட்ட களவா இனங்கள் உள்ளன. பருத்த உடல், அகன்ற வாய், முன்னோக்கி நீளும் கீழ்த்தாடை, புள்ளிகளோ பட்டைகளோ நிறைந்த தோல் ஆகியவை இவற்றின் பொது அடையாளங்கள். நம் நாட்டில் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, லட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார் தீவுகள், கட்ச் வளைகுடா முதலிய பகுதிகளில் இவை வாழ்கின்றன.

இவற்றுள் மிகப் பெரியது எபிநெஃபெலஸ் லான்சியோலேட்டஸ் என்னும் இராட்சதக் களவா. பவளப்பாறைகளில் வாழும் எலும்பு மீன்களிலேயே மிகப் பெரிதான இது, இரண்டரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது; எடை சுமார் 400 கிலோகிராம் வரை செல்லலாம். இளம் பருவத்தில் இதன் உடலில் மஞ்சளும் கறுப்புமாக ஒழுங்கற்ற திட்டுகள் காணப்படும். முதிர்ந்தபின் உடல் முழுவதும் மங்கிய பழுப்பு நிறமாகிவிடும். ஆகவே இளம் மீனையும் முதிர்ந்த மீனையும் அருகருகே காண்பவர் அவற்றை இரு வேறு இனங்கள் என்று கருத இடமுண்டு. இறங்குதளங்களில் பணியாற்றும் அலுவலர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வேட்டை முறை

களவா இரையைத் துரத்திக்கொண்டு நெடுந்தொலைவு ஓடுவதில்லை. பாறை இடுக்கிலோ பவளத்தின் நிழலிலோ அசையாது நின்று, சுற்றுப்புறத்திற்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொண்டு காத்திருக்கும். இரை அருகில் வந்ததும் வாயைத் திடீரெனப் பெரிதாகத் திறக்கும். வாய்க்குள் அழுத்தம் குறைவதால் நீரும் அதனோடு இரையும் உள்ளே இழுக்கப்படுகின்றன. சிறு மீன்கள், நண்டுகள், கணவாய்கள் ஆகியவற்றை இவ்வாறு முழுதாகவே விழுங்கிவிடுகிறது.

செங்கடலில் நடந்த ஓர் ஆய்வு, இதன் அறிவுத்திறனைப் பற்றி வியப்பூட்டும் செய்தி ஒன்றை 2006-இல் வெளியிட்டது. தன்னால் நுழைய முடியாத இடுக்கில் இரை ஒளிந்துகொண்டால், அங்குள்ள களவா இனம் ஒன்று, அருகே தங்கியிருக்கும் விலாங்கு வடிவப் பாறை மீனிடம் சென்று தலையை ஆட்டிச் சைகை காட்டுகிறது. அம்மீன் இடுக்குக்குள் நுழைகிறது. வெளியே தப்பி வரும் இரையைக் களவா பிடித்துக்கொள்கிறது. உள்ளேயே அகப்படும் இரை மற்றதற்கு உணவாகிறது.

பவளப்பாறையின் உணவுச் சங்கிலியில் மேல்நிலையில் உள்ள இத்தகைய மீன்கள் இயல்பாகவே எண்ணிக்கையில் குறைந்தவை. ஆயிரக்கணக்கான சிறு மீன்களை வாழ வைக்கும் ஒரு பார், ஒருசில பெரிய களவாக்களையே தாங்கும். அதோடு, ஒரே பொந்தை நெடுங்காலம் தன் இருப்பிடமாகக் கொள்ளும் வழக்கமும் பல இனங்களுக்கு உண்டு. எங்கே தூண்டில் போட்டால் களவா கிடைக்கும் என்பது அனுபவமுள்ள மீனவருக்குத் தெரியும். மீனின் இந்த இயல்பே அதற்கு ஆபத்தாக முடிகிறது.

பெண்ணாக முதிர்ந்து ஆணாக மாறும் மீன்

களவாக்களின் இனப்பெருக்க முறை சாதாரண மீன்களினின்றும் வேறுபட்டது. பெரும்பாலான இனங்கள் முதலில் பெண்ணாகவே முதிர்ச்சி அடைகின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்டபின், அவற்றுள் ஒரு பகுதி ஆணாக மாறுகின்றது. இதனால் ஒரு கூட்டத்தில் சிறிய, நடுத்தர மீன்கள் பெண்களாகவும், மிகப் பெரியவை பெரும்பாலும் ஆண்களாகவும் இருக்கும்.

இதன் விளைவை நிர்வாகத் துறையினர் உற்று நோக்க வேண்டும். சந்தையில் பெரிய மீனுக்கே மதிப்பு அதிகம். பெரிய மீன்களைத் தேர்ந்து பிடித்துக்கொண்டே போனால் முதலில் ஆண்கள் மறையும். பெண் மீன்கள் ஏராளமாக இருப்பதுபோலத் தோன்றினாலும், முட்டைகளைக் கருவுறச் செய்யப் போதிய ஆண்கள் இல்லாத நிலை ஏற்படலாம். மற்றொரு பக்கம், சிறிய மீன்களையே மிகுதியாகப் பிடித்தால் பெண்கள் ஒருமுறையேனும் முட்டையிடுமுன் அழிந்துவிடுகின்றன. இரு முனைகளிலும் இழப்பே நேரிடுகிறது.

பெரிய பெண் மீன்களின் மதிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மீனின் நீளம் இரு மடங்கானால் உடலின் கன அளவு சுமார் எட்டு மடங்காகிறது. முட்டைகளுக்கான இடமும் அதே விகிதத்திலோ அதற்கு மேலோ பெருகுகிறது. எனவே ஒரு பெரிய தாய் மீன் இடும் முட்டைகளுக்குப் பல சிறிய தாய் மீன்கள் சேர்ந்தால்தான் ஈடாகும். அத்தகைய தாய் மீன் உருவாகப் பல ஆண்டுகள் வேண்டும். மீனின் செவிக்கல்லில் மரத்தின் வளையங்களைப் போல அமையும் கோடுகளை எண்ணி அதன் வயதை அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். பெரிய களவா இனங்கள் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை என்பது இவ்வாறு தெரியவந்துள்ளது. சாளை, நெத்திலி போன்ற விரைந்து வளரும் மீன்களுக்கு ஏற்ற விதிமுறைகள் இவற்றிற்குப் போதா என்பதற்கு இதுவே காரணம்.

முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையவை. அவை நீரோட்டத்தில் மிதக்கின்றன. பொரித்த குஞ்சுகள் பல வாரங்கள் கடலில் அலைந்தபின் கடற்புல் படுகைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் கழிமுகங்களிலும் ஒதுங்கி வளர்கின்றன; பின்னர் பார்களை நாடுகின்றன. ஆகவே பவளப்பாறையை மட்டும் காத்து, கடற்புல்லையும் அலையாத்தியையும் அழியவிட்டால் களவாவைக் காத்தவர்கள் ஆகமாட்டோம்.

கூடும் இடமும் கூடும் காலமும்

ஆண்டின் பெரும்பகுதியைத் தனித்தே கழிக்கும் பல களவா இனங்கள், இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் குறிப்பிட்ட சில இடங்களில் பெருந்திரளாகக் கூடுகின்றன. ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதங்களில், பெரும்பாலும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இக்கூட்டம் நிகழ்கிறது. பரந்த கடற்பரப்பின் மீன்கள் யாவும் சில நாட்களுக்கு ஒரு சிறு இடத்திற்கு வந்து சேர்கின்றன எனலாம். அந்த இடத்தையும் நாளையும் அறிந்தவர், ஒரு பகுதியின் களவா வளம் முழுவதையும் ஒருசில பருவங்களில் எடுத்துவிட முடியும்.

நம் நாட்டில் இத்தகைய ஒரு கூட்டம் லட்சத்தீவுகளைச் சேர்ந்த பித்ராத் தீவை அடுத்துக் கண்டறியப்பட்டது. மக்கள் வாழும் லட்சத்தீவுகளிலேயே மிகச் சிறியது பித்ரா. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 271. மைசூரில் தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் ஆய்வாளர்கள் அங்கே பிளெக்ட்ரோபோமஸ் ஏரியோலேட்டஸ் என்னும் களவா இனத்தின் பெருங்கூட்டத்தை ஆராய்ந்து, முடிவுகளை 2017-இல் வெளியிட்டனர். சிறிய ஆண்கள் தத்தம் எல்லைகளைக் காத்து நிற்க, பெரிய ஆண்கள் திரளாக நீந்தும் சிறிய பெண்களை நாடியதை அவர்கள் கண்டனர். மீன்கள் மிக நெருக்கமாகக் கூடியிருந்ததோடு இந்நடத்தையை அவர்கள் தொடர்புபடுத்தினர். மீன்கள் குறைந்துபோன கடல்களில் இத்தகைய நடத்தைகள் நாம் அறிவதற்கு முன்பே மறைந்திருக்கக்கூடும்.

இக்கூட்டம் இந்நாள் வரை நிலைத்திருந்ததற்கு லட்சத்தீவு மீனவர்களின் தொழில்முறை ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. அவர்களின் முதன்மைத் தொழில், ஆழ்கடலில் கம்பும் தூண்டிலும் கொண்டு சூரை மீன் பிடிப்பதாகும். ஆகவே பவளப்பாறை மீன்கள்மீது நெருக்கடி குறைவாக இருந்தது. வணிக நோக்குடைய பாறை மீன்பிடிப்பு அங்கு வளருமானால் இந்நிலை நீடிக்காது.

இழந்ததை மீட்க முடியுமா?

இழந்த களவா வளத்தை மீட்க இயலுமா என்னும் கேள்விக்குக் கரீபியன் கடலின் அனுபவம் விடை தருகிறது. அங்கே நசாவ் களவா என்னும் இனம் ஒரு காலத்தில் பெருமளவில் கிடைத்து வந்தது. அதன் இனப்பெருக்கக் கூட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தழிக்கப்பட்டு, பெரும்பாலானவை மறைந்தன. 2001-இல் லிட்டில் கேமன் தீவின் அருகே சுமார் 7,000 மீன்கள் கொண்ட ஒரு கூட்டத்தை மீனவர்கள் கண்டனர். இரண்டே பருவங்களில் அவற்றுள் சுமார் 4,000 மீன்கள் பிடிக்கப்பட்டன.

அரசாங்கம் 2003-இல் இனப்பெருக்கக் காலத்தில் அவ்விடத்தில் மீன்பிடிப்பதைத் தடை செய்தது. முதல் சில ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. ஆயினும் தடை விலக்கப்படவில்லை, ஆய்வும் நிறுத்தப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 2018 அளவில், கூட்டம் மீண்டும் 7,000-ஐ எட்டியது. இதிலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. இடமும் காலமும் அறிந்து காத்தால் களவா மீளும் என்பது ஒன்று. அதற்குப் பத்தாண்டுக்கும் மேற்பட்ட பொறுமை தேவை என்பது மற்றொன்று. ஓரிரு ஆண்டுகளில் பயன் காட்ட வேண்டிய திட்டங்களின் கண்கொண்டு இதனை அளவிடக் கூடாது.

2013-இல் வெளியான உலக மதிப்பீடு ஒன்று 163 களவா இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 20 இனங்கள் அழிவின் அபாயத்தில் உள்ளன என்றும், மேலும் 22 இனங்கள் அந்நிலையை நெருங்குகின்றன என்றும் அது தெரிவித்தது. ஹாங்காங் போன்ற நகரங்களின் உணவகங்களில் தொட்டியில் உயிரோடு வைத்து விற்கப்படும் களவாவுக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை, இந்நிலைக்கு ஒரு முக்கிய காரணம்.

மன்னார் வளைகுடாவின் நிலை

தமிழ்நாட்டில் களவாவின் முதன்மையான உறைவிடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை சுமார் 140 கிலோமீட்டர் நீளத்தில் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக 21 தீவுகள் அமைந்துள்ளன. இத்தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் பரப்பையும் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. இதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பகுதி 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. கடல் மீன்வளத்தை ஆராய்வதற்கென மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இலேயே தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் நெடுங்காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் வெட்டி எடுக்கப்பட்டன. உண்மையான பொருளிலேயே இதுவும் ஒரு சுரங்கத் தொழில்தான். அரணாக நின்ற பவளப்பாறை குறைந்ததால் அலைகளின் அரிப்பு மிகுந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலுள் மூழ்கின. 2001-இல் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் பவளம் வெட்டும் தொழில் ஒடுக்கப்பட்டது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவின் அருகே கான்கிரீட்டினாலான செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டுள்ளன. இவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு மீன்களுக்குப் புகலிடமும் ஆகின்றன. ஆனால் புகலிடம் தேடி மீன் கூடும் இடத்திலேயே தூண்டிலும் இறங்குமானால், செயற்கைப் பாறை மீனைப் பெருக்கும் சாதனமாகாது; மீனைத் திரட்டிக் கொடுக்கும் சாதனமாகவே முடியும்.

சட்டமும் அதன் எல்லையும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் நடைமுறைப்படுத்தப்படும் மீன்பிடித் தடைக்காலம், முன்பு 45 நாட்களாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இத்தடை இழுவை மடி பயன்படுத்தும் விசைப்படகுகளைக் கட்டுப்படுத்துவது. பல இன மீன்களுக்கு இதனால் நன்மை உண்டு. எனினும் களவா பெரும்பாலும் தூண்டிலிலும் கூடுகளிலும் பிடிபடும் மீன். நாட்டுப் படகுகளும் வள்ளங்களும் பாரைத் தேடிச் சென்று பிடிப்பவை. அதன் கூடும் காலமும் இந்த இரு மாதங்களுக்குள் அடங்க வேண்டும் என்பதில்லை.

இராட்சதக் களவாவும் 2001-இல் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. நந்திதுர்க் சுரங்கப் பகுதி ஓய்ந்த அதே ஆண்டில் இக்காப்பு வந்தது. 2022-இன் திருத்தச் சட்டம் அட்டவணைகளை மாற்றியமைத்தது. ஆயினும் இச்சட்டத்தில் தனியே பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது ஒரே ஓர் இனம். மற்ற களவா இனங்கள் பலவும் 'களவா' என்ற ஒரே பெயரில் சந்தைக்கு வருகின்றன. எந்த இனம் பெருகுகிறது, எது குறைகிறது என்பதை மொத்த எடைக் கணக்கு காட்டாது.

குறைந்தபட்ச அளவு விதித்தால் போதும் என்று சிலர் கருதலாம். அது தேவையே, எனினும் அது மட்டும் போதாது. ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்படும் களவாவின் காற்றுப்பை விரிந்து, இரைப்பை வாய் வழியே பிதுங்கிவிடும். அத்தகைய சிறு மீனை மேற்பரப்பில் அப்படியே விட்டால் அது கீழே செல்ல இயலாமல் மடியக்கூடும். மேலும், குறைந்தபட்ச அளவு சிறிய பெண்களைக் காக்குமேயன்றிப் பெரிய ஆண்களைக் காக்காது.

பண்ணை வளர்ப்பு ஒரு துணையாகும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விசாகப்பட்டின மையம், ஆரஞ்சுப் புள்ளிக் களவாவின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்வதில் வெற்றி கண்டுள்ளது. கடலிலிருந்து குஞ்சுகளைப் பிடித்து வந்து வளர்க்கும் முறைக்கு இது சிறந்த மாற்றாகும். ஆனால் களவா ஊனுண்ணி. அதனை வளர்க்கச் சிறு மீன்களையே தீனியாக இட்டால், ஒரு வளத்தைக் காக்க மற்றொன்றை அழித்தவர்கள் ஆவோம். தயாரித்த தீவனமே இதற்கு வழி.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, மன்னார் வளைகுடாவிலும் மற்றக் கடல்களிலும் களவா கூடும் இடங்களையும் காலங்களையும் கண்டறிய வேண்டும். இவ்வறிவு நூலகங்களைக் காட்டிலும் பார்களை அறிந்த முதிய மீனவர்களிடமே மிகுதியாக உள்ளது. எந்த மாதத்தில், எந்தப் பிறையில் முட்டை நிறைந்த களவா கிடைக்கிறது என்பதை அவர்களிடம் கேட்டுத் தொகுப்பது கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடிய பணி. கண்டறிந்த இடங்களைப் பொதுவில் பரப்பாமல் காக்கவும் வேண்டும்.

இரண்டாவதாக, அத்தகைய இடங்களில் கூடும் நாட்களுக்கு மட்டும் தடை விதிக்கலாம். ஆண்டு முழுவதும் கடலை மூடுவதைவிட இது மீனவருக்குச் சுமை குறைந்தது. மீனுக்கோ பயன் மிகுந்தது. தடையின் சுமையைச் சிறு மீனவர்மீது மட்டும் ஏற்றாமல், அந்நாட்களின் இழப்பை ஈடு செய்யவும் வழி காண வேண்டும். ஒரு பெரிய களவா ஒரு வள்ளத்தின் ஒருநாள் செலவையே ஈடு செய்யும் நிலையில், வெறும் அறிவுரை பயன் தராது.

மூன்றாவதாக, இறங்குதளக் கணக்குகளில் களவாவை இனவாரியாகவும் நீளவாரியாகவும் பதிவு செய்ய வேண்டும். பெரிய மீன்களின் விகிதம் ஆண்டுக்காண்டு குறைவதே ஆபத்தின் முதல் அறிகுறி. மொத்த எடை குறையும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

தங்கவயலில் படிவம் தீர்ந்தபோது அதை நம்பியிருந்த ஊர்கள் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. பாறைக்குள் இருந்த தங்கத்திற்கு வேறு முடிவு இல்லை. கடலின் பாருக்கு அந்த முடிவு விதிக்கப்பட்டதன்று. ஆண்டில் சில நாட்கள், கடலில் சில இடங்கள் ஆகியவற்றை விட்டுவைத்தால், களவா தன் கூட்டத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அந்நாட்களையும் இடங்களையும் அறிந்து ஒதுக்கி வைப்பது, விஞ்ஞானிகளும் அலுவலர்களும் மீனவர்களும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமையாகும்.